இபின் பதூதா மதுரையில் பார்த்ததும் டமாஸ்கஸில் பார்த்ததும் ஒரே நோயா?

வைகைக்கரை | சனி, இரவு 9.40

கோடை விடுமுறையில் இபின் பதூதாவின் பயணக் குறிப்புகளை மறுபடி எடுத்தேன். போன தடவை கவனிக்காமல் தாண்டிப் போன ஒரு இடம் இந்த முறை உறுத்துகிறது. அதைக் கேட்கத்தான் இந்த இழை.

மொராக்கோவின் தாஞ்சியரில் பிறந்த இந்த மனிதர் இரண்டு ஊர்களில் ஜனங்கள் கொத்துக் கொத்தாகச் சாவதைப் பார்த்திருக்கிறார். ஒன்று 1348இல் டமாஸ்கஸ். அது ஊரறிந்த கறுப்புச் சாவு (Black Death), அதாவது பிளேக். இன்னொன்று அதற்கு நான்கு வருடம் முன்னால், எங்கள் மதுரை.

1344இல் மதுரை சுல்தான்களின் கையில் இருந்தது. டில்லிக்கு அடங்கிய ஆளுநராக இருந்த ஜலாலுதீன் அஹ்சன் 1335 வாக்கில் தனியரசு அறிவித்தார். பத்து வருடத்துக்குள் நான்காவது ஆளாக கியாசுத்தீன் தாமகானி உட்கார்ந்திருந்தார். இபின் பதூதாவுக்கு அவர் சகலை. இருவருமே அஹ்சனின் மகள்களைக் கட்டியவர்கள்.

இலங்கையிலிருந்து வரும் வழியில் கப்பல் உடைந்து, எப்படியோ கரையேறி, சுல்தானின் முகாமில் கொஞ்ச நாள் தங்கிவிட்டு மதுரைக்கு வருகிறார். வந்தால் ஊர் முழுக்க நோய். படுத்தவர்கள் இரண்டாம் நாளோ மூன்றாம் நாளோ போய்விடுகிறார்கள், தள்ளிப்போனால் நான்காம் நாள். வெளியே கால் வைத்தால் நோயாளியையோ பிணத்தையோ தவிர வேறு எதையும் பார்க்கவில்லை என்கிறார். திடமாக இருக்கிறாள் என்று சொல்லி விற்ற ஒரு அடிமைப் பெண்ணை வாங்குகிறார், மறுநாள் அவள் இல்லை. முன்னாள் அமைச்சர் ஒருவரின் மனைவி எட்டு வயது மகனோடு வந்து கஷ்டத்தைச் சொல்கிறாள். செலவுக்குப் பணம் கொடுத்து அனுப்புகிறார். இருவரும் நன்றாகத்தான் இருந்தார்கள். மறுநாள் அவள் திரும்பி வந்து மகனின் பிணத்தைச் சுற்றக் கபன் துணி கேட்கிறாள்.

சுல்தானின் வீட்டையும் நோய் விடவில்லை. அவர் மூன்று நாள் ஊருக்குள் இருந்து பார்த்துவிட்டு, ஆற்றங்கரைக்குக் குடிபெயர்ந்துவிட்டார்.

என் கேள்வி இதுதான். கருங்கடல் பக்கம் 1346இல்தான் கொள்ளை நோய் வந்தது என்று எல்லாப் புத்தகத்திலும் இருக்கிறது. மதுரைக்கு 1344இலேயே வந்துவிட்டதா? அல்லது இது வேறு ஏதாவதா?

———

புதுசு_2 | சனி, இரவு 10.02

சார், இது பள்ளிக்கூடப் பாடத்தில் வரவே இல்லையே. மீனாட்சி கோயில், திருமலை நாயக்கர், அப்புறம் நேராகக் கட்டபொம்மன். நடுவில் இவ்வளவு நடந்திருக்கிறதா?

———

மருந்துப்பெட்டி | சனி, இரவு 10.51

பொது சுகாதாரத்தில் இருபது வருடம் வேலை பார்த்தவள் என்ற முறையில் சொல்கிறேன். வரலாறு எனக்கு ஓரளவுதான் தெரியும்.

மூன்று நாளில் சாவு என்பதை மட்டும் வைத்து பிளேக் என்று சொல்லிவிட முடியாது. நெறிக்கட்டு வருகிற பிளேக்கில் அக்குளிலோ தொடை இடுக்கிலோ எலுமிச்சை அளவுக்கு, சில சமயம் முட்டை அளவுக்குக் கட்டி கிளம்பும். பார்த்தவர் யாரும் அதை மறக்க மாட்டார்கள். 1896இல் பம்பாயில் வந்தபோது படிக்காதவர்களும் முதலில் சொன்னது கட்டியைத்தான். பதூதா மதுரையைப் பற்றி இவ்வளவு எழுதியும் கட்டியைப் பற்றி ஒரு வரிகூட எழுதவில்லையே?

நுரையீரல் பிளேக்கில் கட்டி தெரியாமலேயே ஓரிரு நாளில் ஆள் போகலாம். ஆனால் அது இருமலில் பரவுவது. கூடவே இருந்தவர் தப்பிப்பது கஷ்டம். மனுஷன் பிணங்களுக்கு நடுவில் நடந்து போய்விட்டு நிம்மதியாகக் கப்பல் ஏறியிருக்கிறார்.

நேற்று நன்றாக இருந்த பிள்ளை இன்று இல்லை என்றால் என் மனம் முதலில் காலராவைத்தான் நினைக்கும். படை திரும்பி வந்த ஊர், கூட்டம், கெட்ட தண்ணீர். ஆனால் அவர் வயிற்றுப்போக்கையும் சொல்லவில்லை. ஆக, 'தெரியாது' என்று கட்டம் போட்டு நிறுத்துவதுதான் மருத்துவ நியாயம்.

———

வைகைக்கரை | சனி, இரவு 11.15

டாக்டர், ஒரு திருத்தம். அவர் முழுசாகத் தப்பவில்லை. மதுரையில் அவருக்கும் கடும் காய்ச்சல் வந்தது. முடிந்தது கதை என்றே நினைத்திருக்கிறார். வைத்தியம் என்ன தெரியுமா? புளி! அந்த ஊரில் புளி நிறையக் கிடைக்கிறது, ஒரு ராத்தல் அளவுக்கு எடுத்துத் தண்ணீரில் கரைத்துக் குடித்தேன், மூன்று நாள் வயிறு போயிற்று, குணமானேன் என்கிறார். அதற்குப் பிறகு அந்த ஊரே பிடிக்காமல் கிளம்ப அனுமதி கேட்கிறார்.

மதுரைக்காரன் என்ற முறையில் எனக்குக் கொஞ்சம் வருத்தம்தான்.

———

மருந்துப்பெட்டி | சனி, இரவு 11.22

அவருக்கு வந்தது காலராவாக இருந்திருந்தால் ஒரு ராத்தல் புளிக்கரைசல் ஆளையே முடித்திருக்கும். அப்படியானால் காலராவும் இல்லை, குறைந்தபட்சம் அவர் உடம்பில் இல்லை. ஊரில் ஒரே நேரத்தில் இரண்டு மூன்று நோய் சுற்றியிருக்கலாம். பஞ்சத்திலும் போரிலும் அப்படித்தான் நடக்கும்.

———

நூர்_காயல் | ஞாயிறு, காலை 6.35

சுபுஹுக்குப் பிறகு இழையைப் பார்த்தேன். அரபியில் என்ன சொல் இருக்கிறது என்று யாரும் கேட்கவில்லையே.

மதுரையைப் பற்றிச் சொல்லும்போது 'வபா' என்று எழுதுகிறார். பொதுவாக எந்தக் கொள்ளை நோய்க்கும் அது பொருந்தும். (நம் பக்கம் சொல்கிற 'வபாத்' வேறு சொல், குழப்பிக்கொள்ள வேண்டாம்.) டமாஸ்கஸ் வரும்போது 'தாஊன்' என்கிறார், அதுவும் 'மாபெரும் தாஊன்'. அது கட்டி வருகிற கொள்ளை நோய்க்கென்றே மருத்துவர்கள் வைத்திருந்த பெயர். இதை வைத்து 'பாருங்கள், அவரே பிரித்துச் சொல்லிவிட்டார்' என்று முடிக்க ஆசையாக இருக்கிறது. ஆனால் காஸாவில் நோய் வந்த செய்தியைச் சொல்லும்போது அங்கேயும் 'வபா' என்றுதான் எழுதுகிறார். அதனால் சொல்லை வைத்து வழக்கு ஜெயிக்காது.

ஒன்று மட்டும் தெளிவு. டமாஸ்கஸைப் பற்றி எழுதும்போது அவர் தொனியே வேறு. ஆளுநர் அர்கூன் ஷா உத்தரவுப்படி ஊரே மூன்று நாள் நோன்பு. பகலில் கடைவீதியில் யாரும் சமைக்கக் கூடாது. வியாழன் இரவு முழுக்கப் பெரிய பள்ளிவாசலில் கூடியிருந்துவிட்டு, வெள்ளி காலையில் செருப்பில்லாமல் ஊருக்கு வெளியே நடக்கிறார்கள். முஸ்லிம்கள் கையில் குர்ஆன், யூதர்கள் கையில் தவ்ராத், கிறித்தவர்கள் கையில் இன்ஜீல். ஆண், பெண், குழந்தை, எல்லோரும் அழுதுகொண்டு போகிறார்கள்.

அதற்கு அடுத்த பிப்ரவரியில், 1349இல், ஐரோப்பாவில் ஸ்டிராஸ்பர்க்கில் என்ன செய்தார்கள்? கிணற்றில் விஷம் வைத்தார்கள் என்று சொல்லி யூதர்களைப் பிடித்து எரித்தார்கள். அவினோனில் இருந்த போப் ஆறாம் கிளமெண்ட் 'யூதர்களும்தானே சாகிறார்கள்' என்று முந்தின வருடமே ஆணை எழுதி அனுப்பியும் கேட்கவில்லை. நோய் அந்த ஊருக்குள் வருவதற்கு முன்பே இந்தக் கொலை நடந்துவிட்டது.

———

கூலிக்கணக்கு | ஞாயிறு, காலை 9.10

நூர் பாய், நல்ல பதிவு. ஆனால் டமாஸ்கஸைச் சொர்க்கம் ஆக்கிவிட வேண்டாம். சிரியாவையும் எகிப்தையும் சேர்த்து ஆண்ட அதே மம்லூக் அரசில் உயிர் பிழைத்த விவசாயியை என்ன பாடு படுத்தினார்கள் என்பதற்குப் பிறகு வருகிறேன்.

———

உப்பளத்தான் | ஞாயிறு, காலை 11.48

முப்பது வருடம் சரக்குக் கப்பலில் ஓடிவிட்டு இப்போது தூத்துக்குடியில் சும்மா உட்கார்ந்திருக்கிறேன். எனக்கு ஒரு நோய் எங்கே போயிற்று என்று தெரிய வேண்டுமானால் கப்பல் எங்கே போயிற்று என்று பார்ப்பேன்.

சார், நீங்கள் பதூதாவின் மதுரைப் பக்கத்தை மட்டும் படிக்கிறீர்கள். மதுரைக்குப் பிறகு அவர் போன வழியைப் போட்டுப் பாருங்கள். மாலத்தீவு. வங்காளம். சுமத்ரா. சீனா. திரும்பிக் கொல்லம், கோழிக்கோடு. அங்கிருந்து 28 நாள் கடலில், 1347 வசந்தத்தில் அரேபியக் கரையில் ளஃபார். அப்புறம் ஹோர்முஸ், ஷிராஸ், 1348 தொடக்கத்தில் பாக்தாத். மதுரையில் தொடங்கிக் கிட்டத்தட்ட நான்கு வருடம். இவ்வளவு துறைமுகத்தில் எங்கேயாவது ஜனம் கொத்தாகச் செத்தது என்று எழுதியிருக்கிறாரா? இல்லை. 1348 ஜூனில் அலெப்போவில் இருக்கும்போதுதான் காஸா செய்தி வருகிறது. அதற்குப் பிறகு ஹிம்ஸுக்குப் போனால் அன்றைக்கு 300 பேர் சாவு. காஸாவுக்குப் போனால் ஊரே காலி. அதிலிருந்து வீடு போய்ச் சேரும் வரை அந்த நோய் அவர் பக்கத்திலேயே நடந்து வருகிறது.

மதுரையில் இருந்தது அதே நோய் என்றால் நம் கரையிலிருந்து ஏடனுக்கு வருடா வருடம் கப்பல் போனதே, குதிரை ஏற்றிக்கொண்டு காயலுக்கு வருடா வருடம் வந்ததே, அதில் அது ஏறியிருக்க வேண்டாமா? மக்காவுக்கு நோய் போனது 1348-49இல்தான், அதுவும் ஹாஜிகளோடு வடக்கேயிருந்து. கடல் பக்கம் நான்கு வருடம் நிசப்தம்.

பிளேக் நம் ஊரில் கிளம்பிக் கப்பலில் போகவில்லை. இதுதான் என் தீர்ப்பு.

———

பனையோலை | ஞாயிறு, பிற்பகல் 3.05

உப்பளத்தான் அண்ணே, வாதம் அழகு. ஆனால் அதில் இரண்டு ஓட்டை.

முதல் ஓட்டை: பதூதா எழுதாததெல்லாம் நடக்காதது ஆகிவிடாது. 20 வருடத்துக்கும் மேலான பயணத்தைக் கடைசியில் நினைவிலிருந்து சொல்லச் சொல்ல இபின் ஜுஸய் என்பவர் எழுதினார். சீனா வரை உண்மையிலேயே போனாரா என்பதிலேயே சந்தேகப்படுகிறவர்கள் உண்டு.

இரண்டாவது: 1346 என்பதே இப்போது தொடக்கம் இல்லை. கிர்கிஸ்தானில் இசிக்குல் ஏரிப் பக்கம் பழைய கிறித்தவக் கல்லறைகள் இருக்கின்றன. பட்டுப் பாதையில் வியாபாரம் செய்துகொண்டிருந்த சிரியாக் சபைக்காரர்களின் இடுகாடு. தேதி போட்ட கல் 467. ஒரு நூறு வருடக் கணக்கு. அதில் 118 கல் வெறும் இரண்டே வருடத்துக்கு: 1338, 1339. சில கல்லில் சாவுக்குக் காரணமும் வெட்டியிருக்கிறார்கள், 'மவ்தானா' என்று. கொள்ளை நோய் என்று அர்த்தம். 19ஆம் நூற்றாண்டிலேயே தோண்டி எடுத்த எலும்புகளை வைத்து 2022இல் டிஎன்ஏ ஆய்வு வெளியானது. ஏழு பேரைப் பார்த்ததில் மூன்று பேர் பல்லில் பிளேக் கிருமி கிடைத்தது. ஐரோப்பாவைக் காலி செய்த வகைக்கு அது நேர் மூதாதை.

நான் கல்வெட்டு படிக்கிறவன். எனக்கு அந்த 118 போதும். யாரும் நாட்குறிப்பு எழுதவில்லை, அரசன் மெய்க்கீர்த்தி வெட்டவில்லை, கல்தச்சனுக்கு இரண்டு வருடம் வேலை அதிகமாக வந்தது, அவ்வளவுதான்.

ஆக 1338இல் அது மத்திய ஆசியாவில் இருந்தது. 1335 வாக்கில் முகமது பின் துக்ளக்கின் படை மதுரைக் கலகத்தை அடக்கத் தெற்கே வந்தபோது வாரங்கல்லில் கொள்ளை நோயில் சிதைந்து திரும்பியது. சுல்தானே படுத்துவிட்டார். மதுரை தனியரசாகத் தப்பிப் பிழைத்ததற்கே அந்த நோய் ஒரு காரணம். அது என்ன நோய்?

———

நூர்_காயல் | ஞாயிறு, பிற்பகல் 3.31

மவ்தானா! எங்கள் ஊரில் இன்றைக்கும் 'மவுத்தாயிட்டார்' என்றுதான் சொல்வோம். வேர் ஒன்றுதான், சிரியாக்கும் அரபியும் அக்கா தங்கை. இசிக்குல் எங்கே, காயல்பட்டினம் எங்கே.

———

உப்பளத்தான் | ஞாயிறு, மாலை 5.20

ஓலைத் தம்பி, கல் கணக்கை ஒத்துக்கொள்கிறேன். ஆனால் இசிக்குல்லிலிருந்து வாரங்கல்லுக்கு யார் கொண்டு வந்தார்கள்? வழி வேண்டும். அதுவும் உன் தேதிப்படி வாரங்கல் மூன்று வருடம் முந்தி வருகிறது. பிள்ளை முதலில், தாய் பிறகா?

———

பனையோலை | ஞாயிறு, மாலை 5.44

அந்த இடத்தில் மாட்டிக்கொண்டேன், அண்ணே. வாரங்கல்லை வாபஸ் வாங்குகிறேன். மதுரையை வாங்கவில்லை.

———

புதுசு_2 | ஞாயிறு, மாலை 6.10

காஃபா கோட்டைக்குள் பிணத்தை எறிந்துதான் ஐரோப்பாவுக்கு நோய் போனது என்று ஒரு காணொளியில் பார்த்தேன். அது உண்மையா?

———

உப்பளத்தான் | ஞாயிறு, இரவு 8.55

எறிந்திருக்கலாம். நோய் பரவியது அதனால்தானா என்பது வேறு கேள்வி.

காஃபா கிரிமியாவில் ஜெனோவா வியாபாரிகளின் துறைமுகம். பொன் ஓர்தா என்ற மங்கோலிய அரசின் கான் ஜானிபெக் முற்றுகை போட்டார். படையில் நோய் வந்ததும் 1346இல் பிணங்களைக் கவண்பொறியில் வைத்து ஊருக்குள் வீசினார் என்று எழுதியவர் கப்ரியேலே தெ முஸ்ஸி. அவர் இத்தாலியில் பியாசென்சா ஊர் நோட்டரி. ஸ்தலத்தில் இல்லை. யாரோ சொன்னதைக் கேட்டு எழுதியது.

என்னைக் கேட்டால் பிணத்தை விட கோதுமையைச் சந்தேகப்படுங்கள். சண்டை நடந்த காலத்தில் அசோவ் கடல் பக்கமிருந்து மேற்கே தானியம் போவது நின்றிருந்தது. 1347இல் சமாதானம் ஆனதும் கப்பல்கள் தானியம் ஏற்ற ஓடின. இத்தாலியில் அப்போது விளைச்சல் மோசம், விலை எகிறிக்கிடந்தது. தானியக் கப்பலின் அடித்தளத்தில் இறங்கிப் பார்த்திருக்கிறீர்களா? நான் இறங்கியிருக்கிறேன். மூட்டைகளுக்கு நடுவே டார்ச் அடித்தால் கண்கள் மின்னும். எலி செத்தால் உண்ணி வேறு உடம்பைத் தேடும். அந்த உண்ணி எலி இல்லாமலும் தானியத் தூசியில் சில வாரம் தாக்குப்பிடிக்கும். முற்றுகைக்கு உள்ளே செத்துக்கொண்டிருந்தவன் கப்பல் ஓட்டி சிசிலியின் மெசீனா வரை வந்தான் என்பதை விட, நன்றாக இருந்தவன் கோதுமை ஏற்றிக்கொண்டு வந்தான் என்பது எனக்கு நம்பும்படி இருக்கிறது. 1347 இலையுதிர் காலத்தில் அலெக்சாண்டிரியா, அக்டோபரில் மெசீனா. 1348 ஜூனில் இங்கிலாந்துத் தென்கரை. 1349இல் நார்வேயில் பெர்கன். எல்லாம் துறைமுகம், எல்லாம் சரக்கு.

———

மருந்துப்பெட்டி | ஞாயிறு, இரவு 9.30

உண்ணி இல்லை, தெள்ளுப்பூச்சி. மற்றபடி கையெழுத்துப் போடுகிறேன்.

———

வைகைக்கரை | ஞாயிறு, இரவு 10.40

உப்பளத்தான் அண்ணே, உங்கள் கோதுமைக் கதையைப் படித்துவிட்டு எழுந்து போய்ப் புத்தகத்தை மறுபடி எடுத்தேன். மதுரைப் பகுதியில் நான் முதல் பதிவில் விட்டுவிட்ட ஒரு வரி இருக்கிறது.

அரண்மனைக்குப் போனபோது நூற்றுக்கணக்கான வேலைக்காரப் பெண்களைப் பார்த்தேன் என்கிறார். அரிசி குத்தக் கொண்டுவரப்பட்டவர்கள். நோய் வந்து வெயிலில் விழுந்து கிடக்கிறார்கள்.

அரிசி குத்துகிறவர்கள்! ஊரில் எத்தனையோ பேர் இருக்க, இவர் கண்ணில் பட்டது நெற்களஞ்சியத்தின் பக்கத்தில் வேலை செய்தவர்கள். நெல் குவிந்த இடத்தில் எலி இல்லாமல் இருக்குமா?

———

மருந்துப்பெட்டி | ஞாயிறு, இரவு 10.58

சார், தூங்கப் போகலாம் என்று இருந்தேன். கெடுத்துவிட்டீர்கள்.

ஆனால் நூற்றுக்கணக்கான பெண்களை ஒரே இடத்தில் அடைத்து வேலை வாங்கினால் எந்தத் தொற்றும் அங்கேதான் முதலில் பரவும். டைபஸ், குடல் காய்ச்சல், எது வேண்டுமானாலும். எலி விழுந்து கிடந்தது என்று அவர் ஒரு வார்த்தை எழுதியிருந்தால் நான் கட்சி மாறியிருப்பேன்.

———

கூலிக்கணக்கு | திங்கள், காலை 7.15

எல்லோரும் கிருமியைத் துரத்துகிறீர்கள். எனக்கு அந்த அரிசி குத்திய பெண்களின் கூலிதான் கேள்வி. அவர்களுக்கு என்ன கிடைத்தது? ஒன்றும் இல்லை, கொண்டுவரப்பட்டவர்கள். செத்தால் வேறு நூறு பேரைக் கொண்டுவருவார்கள்.

இங்கிலாந்தில் என்ன ஆயிற்று என்று பாருங்கள். மூன்றில் ஒரு பங்கிலிருந்து பாதி வரை ஜனம் போய்விட்டது. அறுப்புக்கு ஆள் இல்லை. மிஞ்சியவன் கூலியைக் கூட்டிக் கேட்டான். உடனே 1349இலேயே அரசாணை. 1351இல் தொழிலாளர் சட்டம். நோய்க்கு முன்பு 1346-47 வாக்கில் இருந்த கூலிக்கு மேல் கேட்கவும் கூடாது, கொடுக்கவும் கூடாது. ஆகஸ்ட் முதல் வாரம் கதிர் அறுக்கிறவனுக்கு நாளுக்கு 2 பென்னி, இரண்டாம் வாரம் 3 பென்னி. கறாராக எழுதி வைத்தார்கள்.

நிற்குமா? ஆண்டையே ராத்திரியில் வந்து பக்கத்து ஊர் ஆளைக் கூடுதல் கூலி பேசி அழைத்துப் போனான். சட்டம் ஒருபக்கம், அறுப்பு ஒருபக்கம். 1363இல் யார் என்ன துணி உடுத்தலாம் என்று சட்டம் போட்டார்கள். கூலிக்காரன் நல்ல துணி போட ஆரம்பித்துவிட்டான் என்பதற்கு அதை விடச் சாட்சி வேண்டுமா? கடைசியில் பிரான்சோடு நடந்துகொண்டிருந்த சண்டைக்குப் பணம் போதாமல் தலைவரி. 1377, 1379, மூன்றாவது 1381க்கு. 15 வயதுக்கு மேல் தலைக்கு 12 பென்னி. ஊர் கொதித்தது. வாட் டைலர் தலைமையில் லண்டனுக்குள் நுழைந்து, அதிபேராயர் சட்பரியின் தலையை வெட்டினார்கள். ஜூன் 15ஆம் தேதி ஸ்மித்ஃபீல்டில் ராஜாவோடு பேசப் போன இடத்தில் டைலரையும் வெட்டினார்கள். ராஜாவுக்கு வயது 14. கொடுத்த வாக்கையெல்லாம் அடுத்த மாதமே ரத்து செய்தார். ஆனால் அதற்குப் பிறகு தலைவரி போட ரொம்ப நாள் யாருக்கும் தைரியம் வரவில்லை.

இப்போது எகிப்து. அங்கேயும் அதே அளவு சாவு. கூலிக்காரனுக்குக் கை ஓங்கியதா? இல்லை. நிலம் மம்லூக் அதிகாரிகளுக்கு மானியமாகப் பிரித்துக் கொடுத்தது. அவர்கள் குடியிருந்தது கெய்ரோவில். இன்றைக்கு இந்த ஊர், நாளைக்கு வேறு ஊர் என்று கை மாறும். ஆள் குறைந்தும் வரியைக் குறைக்கவில்லை. நைல் வெள்ளத்தைத் தேக்கி விடுகிற கரைகளையும் கால்வாய்களையும் வருடா வருடம் ஊர் கூடி வெட்ட வேண்டும். நம் ஊர்க் குடிமராமத்து மாதிரி. ஆள் இல்லை, கரை உடைந்தது, வயல் பாழானது, மிஞ்சியவன் கெய்ரோவுக்கு ஓடினான். ஒரே கிருமிதான், நூர் பாய். நிலம் யார் கையில் இருக்கிறது என்பதைப் பொறுத்து ஒரு இடத்தில் கூலி ஏறியது, ஒரு இடத்தில் வாய்க்கால் தூர்ந்தது.

———

நூர்_காயல் | திங்கள், காலை 8.02

மறுக்கவில்லை தோழர். இபின் கல்தூனின் தாய் தகப்பன் இருவரும் தூனிஸில் இந்த நோயில்தான் போனார்கள். அப்போது அவருக்கு வயது 16, 17 இருக்கும். பிற்பாடு அவர் எழுதியதும் கிட்டத்தட்ட இதேதான்: ஆள் குறைந்தது, ஊர்கள் காலியாயின, அரசுகள் தளர்ந்தன, உலகமே மாறிப் போயிற்று என்று.

———

புதுசு_2 | திங்கள், காலை 10.20

சீனாவில் இதே காலத்தில்தானே மங்கோலியர் ஆட்சி போனது? அதுவும் பிளேக்கா?

———

பனையோலை | திங்கள், மதியம் 1.12

சீனாவிலும் கொள்ளை நோய்கள் வந்தன. அது இதே பிளேக்கா என்பதில் மதுரை மாதிரியே இழுபறி. ஆனால் அங்கே ஆட்சியைக் கவிழ்த்ததில் ஆற்றுக்கும் பெரிய பங்கு. 1344இல் (அதே வருடம், கவனியுங்கள்) மஞ்சள் ஆறு கரையை உடைத்துக்கொண்டு போக்கு மாறியது. 1351இல் அதைத் திருப்ப ஒன்றரை லட்சம் பேரைக் கட்டாய வேலைக்குப் பிடித்தார்கள். ஒற்றைக்கண் கல் மனிதன் ஒன்று மண்ணுக்கடியிலிருந்து வரும், அன்றைக்கு உலகம் எழும் என்று ஒரு பாட்டுப் பரவியிருந்தது. வெட்டும்போது ஒற்றைக்கண் சிலை கிடைத்தது! புரட்சிக்காரர்களே முன்கூட்டிப் புதைத்தது என்று சொல்வார்கள். செந்தலைப்பாகைக் கலகம் அப்படித் தொடங்கியது.

அந்த 1344இல் ஹுவாய் ஆற்றுப் பக்கம் ஒரு ஏழை வீட்டில் தகப்பன், தாய், மூத்த அண்ணன் மூவரும் சில வாரத்துக்குள் போனார்கள். புதைக்க நிலம் இல்லை, பக்கத்து வீட்டுக்காரர் கொடுத்தார். மிஞ்சிய பையன் புத்த மடத்தில் சேர்ந்து பிச்சை எடுத்தான். 1368இல் அவன்தான் மிங் வம்சத்தின் முதல் பேரரசன், சூ யுவான்சாங். பேரரசனான பிறகு பெற்றோர் சமாதியில் வைத்த கல்வெட்டில் அதை மறைக்கவில்லை. சவப்பெட்டி இல்லை, கந்தலில் சுற்றி மூன்றடி மண்ணில் மூடினோம் என்று வெட்டச் சொன்னான். நான் படித்த ராஜாக்களின் கல்வெட்டுகளில் இப்படி ஒன்று பார்த்ததில்லை.

நம் பக்கத் தொடர்பும் உண்டு. சுவான்சௌ துறைமுகத்தில் 1281இல் வெட்டிய தமிழ்க் கல்வெட்டு ஒன்று இருக்கிறது, அடியில் சீன எழுத்தோடு. சம்பந்தப் பெருமாள் என்பவர் செகாசைக் கானின் பேரில் திருக்கானீசுவரம் உடையாரை எழுந்தருளப்பண்ணிய செய்தி. அந்தத் துறைமுகம் 1357இலிருந்து 1366 வரை பாரசீகப் படைப்பிரிவின் கலகத்தில் சின்னாபின்னமானது. வெளிநாட்டு வியாபாரிகளின் காலம் அதோடு முடிந்தது. சிவன் கோயில் கற்கள் இன்று அங்கே புத்தர் கோயில் சுவரிலும் தூணிலும்.

———

மட்டுறுத்துநர் | திங்கள், மதியம் 2.00

இழை மதுரையிலிருந்து சீனாவுக்குப் போய்விட்டது. பரவாயில்லை, பதூதாவும் அந்த வழியாகத்தான் போனார். ஆனால் சுல்தானின் யோகி மாத்திரை பற்றி வந்த மூன்று பதிவுகளை நீக்கியிருக்கிறேன். இரும்புத்தூள் கலந்த மாத்திரை தின்று கியாசுத்தீன் செத்தார் என்று பதூதா சொல்வது உண்மை. அதற்கு வந்த நகைச்சுவைகள் இந்த இடத்துக்கு ஆகாது.

———

உப்பளத்தான் | திங்கள், மாலை 4.36

ஒன்று விட்டுப் போயிற்று. 1348இல் ஐரோப்பாவில் அவ்வளவு சாவு வந்ததற்கு முன்கதை உண்டு. 1315 வசந்தத்திலிருந்து விடாத மழை. வடக்கு ஐரோப்பா முழுக்க மூன்று வருடப் பஞ்சம். ஆகஸ்டில் இங்கிலாந்து ராஜா இரண்டாம் எட்வர்டு செயின்ட் ஆல்பன்ஸில் இறங்கியபோது அவர் பரிவாரத்துக்கே ரொட்டி கிடைப்பது கஷ்டமாயிற்று.

உப்பு விலையும் ஏறியது. அது ஏன் என்று படிக்கிறவர்களுக்குப் புரியாமல் இருக்கலாம், தூத்துக்குடிக்காரனுக்குப் புரியும். வெயில் இல்லையென்றால் பாத்தியில் உப்பு பூக்காது. உப்பு இல்லையென்றால் கறி, மீன் எதையும் பதப்படுத்தி வைக்க முடியாது. பஞ்சத்தில் இருக்கிறதும் அழுகும். அந்த வருடங்களில் ஒட்டிய வயிறோடு வளர்ந்த பிள்ளைகள்தான் 1348இல் முப்பது, முப்பத்தைந்து வயது ஆட்கள்.

———

மருந்துப்பெட்டி | திங்கள், மாலை 6.05

சரிதான். துக்ளக் ஆட்சியில் கங்கை யமுனை நடுப்பகுதியிலும் 1330களின் நடுவிலிருந்து வருடக்கணக்கில் பஞ்சம். மதுரைப் பக்கமும் ஓயாத படையெடுப்பு. பசித்த உடம்புக்கு எந்த நோய் என்பது இரண்டாம் பட்சம்.

என் நிலை: 1344 மதுரை பிளேக் என்று நிரூபிக்க எலும்பு வேண்டும், பல் வேண்டும். மண்ணுக்கடியில் எங்கேயாவது இருக்கலாம். அதுவரை கட்டம் காலியாகவே இருக்கட்டும்.

———

வைகைக்கரை | திங்கள், இரவு 9.50

சரி டாக்டர். கட்டத்தைக் காலியாக விடுகிறேன். உப்பளத்தான் அண்ணன் போட்ட கப்பல் வழிக்கு என்னிடம் பதில் இல்லை, அதையும் ஒத்துக்கொள்கிறேன். ஓலை மட்டும் இன்னும் பிடிவாதமாக இருப்பார் என்று தெரியும்.

நூர் பாய்க்கு ஒரு வேண்டுகோள். அந்த எட்டு வயதுப் பையன். நான் பாடம் எடுக்கிற மூன்றாம் வகுப்பில் எல்லோருக்கும் அந்த வயதுதான். என்னிடம் இருக்கிற மொழிபெயர்ப்பில் 'நல்ல பையன்' என்று ஒரே சொல்லில் முடித்துவிட்டார்கள். அரபியில் அவனைப் பற்றி என்ன இருக்கிறது?

———

நூர்_காயல் | செவ்வாய், காலை 6.20

பார்த்தேன் சார். மூன்று சொல் இருக்கிறது. நபீல், கைய்யிஸ், ஃபதின். பண்பான பையன், சூட்டிகையானவன், சட்டென்று புரிந்துகொள்கிறவன். ஒரே ஒரு தடவை, பணம் கொடுக்கும்போது பார்த்த பிள்ளை. அதைச் சொல்ல உட்கார்ந்தபோது பத்துப் பன்னிரண்டு வருடம் ஆகியிருக்கும்.

பெயர் இருக்கிறதா என்று முன்னும் பின்னும் தேடினேன். இல்லை.